உயர்த்து மாற்றிக்கான மின்தூண்டித் தேர்வு

உயர்த்து மாற்றிக்கான மின்தூண்டித் தேர்வு என்பது, குறைந்த நேர்திசை மின்னழுத்தத்தை உயர்ந்த நேர்திசை மின்னழுத்தமாக மாற்றும் மின்வழங்கி ஒன்றில் ஆற்றலைத் தேக்கிக் கைமாற்றும் கம்பிச்சுருளை, அதன் தூண்டல் எண், தாங்கும் மின்னோட்டம், மின்தடை, உள்ளகப் பொருள் ஆகியவற்றைக் கருதித் தெரிவு செய்வதாகும். இவ்வகை மாற்றி பூஸ்ட் கன்வர்ட்டர் என்ற பெயரிலேயே கடைகளிலும் கல்லூரி ஆய்வகங்களிலும் பெரிதும் அறியப்படுகிறது. மாற்றியின் ஏனைய உறுப்புகளைத் தொகுப்புச் சுற்றுகளைச் செய்யும் நிறுவனங்களே பெரும்பாலும் முடிவு செய்துவிடுகின்றன. மின்தூண்டி மட்டும் வடிவமைப்பவரின் பொறுப்பில் விடப்படுகிறது. சரியாக வேலை செய்யாத உயர்த்து மாற்றிகளில் முதலில் ஐயுற வேண்டிய உறுப்பும் அதுவே.

கைப்பேசிகளுக்கு மின்னேற்றும் பவர் பேங்க், திரைகளின் பின்னொளி, சூரிய மின்தகட்டுக் கட்டுப்படுத்திகள், கணினி மின்வழங்கிகளின் திறன்காரணி திருத்தும் பகுதி எனப் பல இடங்களில் இம்மாற்றி பயன்படுகிறது. 2003 இல் வெளிவந்த டொயோட்டா பிரியஸ் இரண்டாம் தலைமுறைக் கலப்பின மகிழுந்தில், 201.6 வோல்ட் மின்கல அடுக்கிலிருந்து 500 வோல்ட் வரை உயர்த்தி மின்னோடிக்கு வழங்கியதும் ஓர் உயர்த்து மாற்றியே. அளவில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருந்தாலும், இவை அனைத்திலும் மின்தூண்டியைத் தேர்வு செய்யும் முறை ஒன்றுதான்.

மாற்றி இயங்கும் விதம்

உயர்த்து மாற்றியில் நான்கு முதன்மை உறுப்புகள் உள்ளன. மின்தூண்டி, சுவிட்சு போல இயங்கும் திரிதடையம் (இக்கட்டுரையில் ஆளி எனப்படும்), இருமுனையம், வெளியீட்டு மின்தேக்கி என்பன அவை. ஆளி மூடியிருக்கும்போது மின்தூண்டியின் ஒரு முனை உள்ளீட்டுடனும் மறுமுனை தரையுடனும் இணைந்திருக்கும். அப்போது அதில் மின்னோட்டம் சீராக ஏறுகிறது. காந்தப்புலத்தில் ஆற்றல் சேர்கிறது. ஆளி திறந்ததும், மின்தூண்டி தன்வழியே பாயும் மின்னோட்டம் திடீரென நிற்பதை எதிர்க்கிறது. அதனால் அதன் முனைகளுக்கிடையே எழும் மின்னழுத்தம் உள்ளீட்டு மின்னழுத்தத்தோடு சேர்ந்து, இருமுனையத்தின் வழியே வெளியீட்டு மின்தேக்கிக்குள் மின்னூட்டத்தைத் தள்ளுகிறது. இது நொடிக்குப் பல்லாயிரம் முதல் சில மில்லியன் தடவை வரை நிகழ்கிறது.

இதன் அடிப்படையான மின்காந்தத் தூண்டலை மைக்கேல் ஃபாரடே 1831 இல் கண்டறிந்தார். ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் தனியே ஆய்வு செய்து தன் மின்தூண்டலை விளக்கிய ஜோசப் ஹென்றியின் பெயரே தூண்டல் எண்ணின் அலகாக வழங்குகிறது. ஒரு ஹென்றி என்பது மிகப் பெரிய அளவு. சிறிய உயர்த்து மாற்றிகளில் மைக்ரோஹென்றி, அதாவது ஹென்றியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, என்ற அளவே புழங்குகிறது.

ஒரு சுழற்சியில் ஆளி மூடியிருக்கும் நேரத்திற்கும் முழுச் சுழற்சி நேரத்திற்கும் உள்ள விகிதம் பணி விகிதம் எனப்படும். இழப்புகள் ஏதும் இல்லையெனக் கொண்டால்,

வெளியீட்டு மின்னழுத்தம் = உள்ளீட்டு மின்னழுத்தம் ÷ (1 − பணி விகிதம்)

பணி விகிதம் 0.5 எனில் மின்னழுத்தம் இருமடங்காகும், 0.9 எனில் பத்து மடங்காக வேண்டும். இச்சமன்பாட்டில் தூண்டல் எண் எங்கும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. மாற்றி எத்தனை மடங்கு உயர்த்தும் என்பதை மின்தூண்டியின் தூண்டல் எண் தீர்மானிப்பதில்லை. மின்னோட்டம் எவ்வளவு ஏறி இறங்கும் என்பதையே அது தீர்மானிக்கிறது. "பெரிய சுருள் போட்டால் அதிக வோல்ட் கிடைக்கும்" என்று மாணவர்கள் எண்ணுவது இதை அறியாமையால் ஆகும்.

மின்தூண்டியில் பாய்வது உள்ளீட்டு மின்னோட்டம்

தேர்வில் நேரும் பிழைகளுள் தலையாயது, வெளியீட்டு மின்னோட்டத்தைப் பார்த்து மின்தூண்டியை வாங்குவது. மின்னழுத்தத்தைக் குறைக்கும் மாற்றியில் மின்தூண்டி வெளியீட்டுப் பக்கம் அமைந்திருப்பதால், அதன் சராசரி மின்னோட்டம் சுமையின் மின்னோட்டத்திற்குச் சமம். உயர்த்து மாற்றியில் மின்தூண்டி உள்ளீட்டுப் பக்கம் உள்ளது. எனவே அதன் சராசரி மின்னோட்டம் உள்ளீட்டு மின்னோட்டத்திற்குச் சமமாகும். திறன் எங்கிருந்தும் இலவசமாக வருவதில்லையாதலால், மின்னழுத்தம் எத்தனை மடங்கு உயர்கிறதோ குறைந்தது அத்தனை மடங்கு உள்ளீட்டு மின்னோட்டமும் வெளியீட்டு மின்னோட்டத்தைவிட மிகுந்திருக்கும். இழப்புகளையும் சேர்த்தால் இன்னும் கூடும்.

உள்ளீட்டு மின்னழுத்தம் குறையக் குறைய இந்த மின்னோட்டம் ஏறும் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. மின்கலம் நிறைந்திருக்கும்போது நன்றாக இயங்கும் கருவி, அது தீரும் தறுவாயில் சூடாகிப் பழுதாவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். ஆகவே கணக்கு எப்போதும் மிகக் குறைந்த உள்ளீட்டு மின்னழுத்தத்தையும் மிகுந்த சுமையையும் கொண்டே தொடங்கப்பட வேண்டும்.

ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக, ஒற்றை லித்தியம் அயனி மின்கலத்திலிருந்து 5 வோல்ட், 1 ஆம்பியர் பெற வேண்டும் எனக் கொள்வோம். மின்கலம் நிறைந்த நிலையில் 4.2 வோல்ட் தரும், 3.0 வோல்ட்டில் அதை நிறுத்திவிடலாம். ஆளியின் அதிர்வெண் 500 கிலோஹெர்ட்ஸ், பயனுறுதிறன் 85 விழுக்காடு என வைத்துக்கொள்வோம்.

வெளியீட்டுத் திறன் 5 வாட். உள்ளீட்டுத் திறன் 5 ÷ 0.85, அதாவது சுமார் 5.88 வாட். மின்கலம் 3.0 வோல்ட்டில் இருக்கும்போது மின்தூண்டியின் சராசரி மின்னோட்டம் 5.88 ÷ 3.0 = 1.96 ஆம்பியர். சுமை கேட்பது 1 ஆம்பியர். மின்தூண்டி சுமப்பதோ ஏறத்தாழ 2 ஆம்பியர்.

அடுத்துப் பணி விகிதம். இழப்புகளையும் சேர்த்துத் தோராயமாக மதிப்பிட, உள்ளீட்டு மின்னழுத்தத்தைப் பயனுறுதிறனால் பெருக்கி வெளியீட்டு மின்னழுத்தத்தால் வகுத்து, அதை 1 இலிருந்து கழிப்பது வழக்கம். 1 − (3.0 × 0.85 ÷ 5) = 0.49.

மின்தூண்டியில் மின்னோட்டம் ஒவ்வொரு சுழற்சியிலும் ஏறி இறங்கும் அளவு குற்றலை மின்னோட்டம் எனப்படும். இதைச் சராசரியில் 20 முதல் 40 விழுக்காட்டுக்குள் அமைப்பது நெடுநாளைய நடைமுறை. இது இயற்கை விதி அன்று; சுருளின் பருமனுக்கும், இழப்புக்கும், மின்தேக்கிகளின் மேல் விழும் பாரத்துக்கும் இடையே அனுபவத்தால் கண்ட ஒரு சமரசமே. இங்கு 30 விழுக்காடு எனக் கொண்டால் குற்றலை 0.59 ஆம்பியர்.

தூண்டல் எண் = (உள்ளீட்டு மின்னழுத்தம் × பணி விகிதம்) ÷ (அதிர்வெண் × குற்றலை மின்னோட்டம்)

இதன்படி (3.0 × 0.49) ÷ (500000 × 0.59) என்பது சுமார் 5 மைக்ரோஹென்றி. கடையில் கிடைக்கும் சீர்மதிப்புகள் 1, 1.5, 2.2, 3.3, 4.7, 6.8, 10 என்ற வரிசையில் அமைவதால் 4.7 மைக்ரோஹென்றி பொருந்தும். அதைக் கொண்டு திருப்பிக் கணித்தால் குற்றலை 0.63 ஆம்பியர். உச்ச மின்னோட்டம் என்பது சராசரியோடு குற்றலையின் பாதியைச் சேர்த்தது, அதாவது 1.96 + 0.31 = 2.27 ஆம்பியர்.

இத்துடன் நிறுத்திவிடலாகாது. மின்தூண்டிகளின் தூண்டல் எண் குறித்த மதிப்பிலிருந்து 20 விழுக்காடு வரை கூடியோ குறைந்தோ இருப்பது வழக்கம். கையில் கிடைத்தது 3.76 மைக்ரோஹென்றியாக இருந்தால் குற்றலை 0.78 ஆம்பியராகவும் உச்சம் 2.35 ஆம்பியராகவும் உயரும். சுமை திடீரென மாறும் தருணங்களுக்கும் சற்று இடம் விட்டால், 3 ஆம்பியருக்குக் குறையாத தெவிட்டு மின்னோட்டம் கொண்ட மின்தூண்டியே இம்மாற்றிக்கு ஏற்றது.

அதே மின்கலம் 4.2 வோல்ட்டில் இருக்கும்போது சராசரி 1.40 ஆம்பியர், உச்சம் சுமார் 1.66 ஆம்பியர் மட்டுமே. 1.8 ஆம்பியர் மின்தூண்டி ஒன்றைப் பொருத்தி, புதிதாக மின்னேற்றிய மின்கலத்தில் சோதித்துப் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும்.

குற்றலை மட்டும் வேறு இடத்தில் உச்சமடைகிறது. உள்ளீட்டு மின்னழுத்தம் வெளியீட்டின் சரிபாதியாக இருக்கும்போது அது மிகப் பெரிதாகும். உள்ளீடு இப்பாதி மதிப்பைக் கடந்து செல்லக்கூடிய கருவிகளில், தூண்டல் எண்ணை அப்புள்ளியிலும் உச்ச மின்னோட்டத்தை மிகக் குறைந்த உள்ளீட்டிலும் கணிப்பது முறை.

தெவிட்டல்

மின்தூண்டியின் உள்ளகம் ஓர் எல்லை வரையே காந்தப்பாயத்தை ஏற்கும். மின்னோட்டம் ஏறும்போது உள்ளகப் பொருளின் காந்தக் கூறுகள் ஒவ்வொன்றாக ஒரே திசையில் திரும்புகின்றன. பெரும்பாலானவை திரும்பியபின் உள்ளகம் மேலும் உதவுவதில்லை. இந்நிலை தெவிட்டல் எனப்படும். அதற்குமேல் அச்சுருள் காற்றில் சுற்றிய வெறும் கம்பியைப் போல நடந்துகொள்ளத் தொடங்குகிறது. தூண்டல் எண் சரிகிறது.

இதன் விளைவை மேற்கண்ட கணக்கிலேயே காணலாம். 4.7 மைக்ரோஹென்றி சுருளின் குறுக்கே 3 வோல்ட் இருக்கும்போது மின்னோட்டம் ஒரு மைக்ரோநொடிக்கு 0.64 ஆம்பியர் வீதம் ஏறும். தெவிட்டியதால் தூண்டல் எண் மூன்றில் ஒன்றாகக் குறைந்தால் அதே வீதம் 1.9 ஆம்பியர் ஆகிவிடும். ஆளி மூடியிருக்கும் எஞ்சிய நேரத்தில் மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் எகிறும். கட்டுப்படுத்தும் தொகுப்புச் சுற்றில் மின்னோட்ட வரம்பு இருந்தால் அது ஆளியை முன்கூட்டியே திறந்துவிடும்; வெளியீட்டு மின்னழுத்தம் சரியும், ஆனால் உறுப்புகள் பிழைக்கும். வரம்பு இல்லாத எளிய சுற்றில் மின்னோட்டத்தைத் தடுப்பது கம்பியின் மின்தடையும் ஆளியின் மின்தடையும் மட்டுமே. அங்கு முதலில் பலியாவது ஆளியாகும்.

வெப்பம் இதை மேலும் மோசமாக்குகிறது. மாங்கனீசு துத்தநாகப் பெர்ரைட்டின் தெவிட்டு காந்தப்பாய அடர்த்தி அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 0.5 டெஸ்லா, 100 பாகை செல்சியசில் அது 0.4 டெஸ்லா அளவுக்கு இறங்கிவிடும். தெவிட்டலால் சூடு, சூட்டால் மேலும் தெவிட்டல் என்று ஒன்றையொன்று வளர்க்கும் நிலை உண்டாகும். மேசைமீது திறந்த நிலையில் நன்றாக இயங்கிய சுற்று, நெகிழிப் பெட்டிக்குள் மூடியபின் அரைமணி நேரத்தில் நின்றுபோவது இவ்வாறுதான்.

மாற்றியைத் தொடங்கும் கணமும் கவனத்திற்குரியது. உயர்த்து மாற்றியில் உள்ளீட்டிலிருந்து மின்தூண்டி, இருமுனையம் வழியாக வெளியீட்டுக்கு எப்போதும் ஒரு நேர்வழி உள்ளது. உள்ளீட்டை இணைத்தவுடன், ஆளி இயங்காதபோதும், வெற்று மின்தேக்கியை நிரப்ப ஒரு பெரும் மின்னோட்டம் பாயும். வெளியீடு குறுக்குச்சுற்று ஆனாலும் இதே கதைதான். ஆளியைத் திறந்து வைத்து அதைத் தடுக்க இயலாது. எனவே, தெவிட்டு மின்னோட்டம் கணக்கிட்ட உச்சத்தை மட்டுமன்றி, தொகுப்புச் சுற்றின் மின்னோட்ட வரம்பையும் மிஞ்சியிருக்க வேண்டும் என்று எச்சரிக்கையுடைய வடிவமைப்பாளர்கள் கருதுகின்றனர். பெர்ரைட்டு உள்ளகம் கொண்ட சுருள்களுக்கு இவ்விதியைத் தளர்த்தாமல் இருப்பதே நன்று.

உள்ளகப் பொருள்கள்

காந்தப் பண்பும் மிகுந்த மின்தடையும் ஒருங்கே கொண்ட பெர்ரைட்டுகளை டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் யோகொரோ கட்டோவும் தகேஷி தகேயும் 1930 இல் உருவாக்கினர். அதைத் தொழில்முறையில் செய்வதற்கென 1935 இல் தொடங்கப்பட்ட நிறுவனமே இன்று டிடிகே என அறியப்படுவது. பெர்ரைட்டில் சுழல் மின்னோட்ட இழப்பு மிகக் குறைவு. ஆதலால் உயர் அதிர்வெண்ணுக்கு அது ஏற்றது. ஆனால் அது திடீரெனத் தெவிட்டும். எல்லையைத் தாண்டியதும் தூண்டல் எண் செங்குத்தாக விழும்.

இரும்புத்தூளாலும் இரும்புக் கலவைத் தூளாலும் அழுத்திச் செய்த உள்ளகங்கள் 1 டெஸ்லாவுக்கு மேலும் தாங்கும். அவற்றில் தூண்டல் எண் மெல்ல மெல்லக் குறையும். இதை மென் தெவிட்டல் என்பர். எதிர்பாராத மின்னோட்டத் துடிப்பை இவை பொறுத்துக்கொள்ளும். ஆனால் குற்றலை பெரிதாகவும் அதிர்வெண் உயர்ந்தும் இருந்தால் உள்ளக இழப்பு பெர்ரைட்டைவிடக் கூடுதல். அண்மைக் காலக் கைப்பேசிகளிலும் மடிக்கணினிகளிலும் காணப்படும் தட்டையான சாம்பல் நிறக் கட்டிகள் பெரும்பாலும் உலோகக் கலவைத் தூளைச் சுருளைச் சுற்றி வார்த்து அழுத்திச் செய்தவை.

பெர்ரைட்டு உள்ளகத்தில் ஒரு சிறு காற்றிடைவெளி விடப்படுவதன் நோக்கம் பலருக்குப் புதிராக இருக்கும். உட்புகுதிறன் மிகுந்த பொருள் ஆற்றலைத் தேக்க ஏற்றதன்று. ஒரே காந்தப்பாய அடர்த்தியில் ஒரு பருமனுக்குள் அடங்கும் ஆற்றல் உட்புகுதிறனுக்கு எதிர்விகிதத்தில் அமையும். ஆகவே மின்தூண்டியின் ஆற்றலில் பெரும்பகுதி அந்தச் சிறு இடைவெளியிலேயே உறைகிறது; பெர்ரைட்டு அவ்விடைவெளிக்குக் காந்தப்பாயத்தை நடத்திச் செல்லும் வாய்க்காலாக மட்டும் இருக்கிறது. தூள் உள்ளகங்களில் துகள்களுக்கிடையே உள்ள பிசின் இதே இடைவெளியைப் பரவலாக அமைத்துத் தருகிறது.

பழைய கணினி மின்வழங்கிகளிலிருந்து கழற்றிய வளையங்களைப் பயன்படுத்துவோர் இதை அறிந்திருத்தல் நலம். மஞ்சள் நிறம் பூசி ஒரு முகம் மட்டும் வெள்ளையாக உள்ள வளையம் இரும்புத்தூளால் ஆனது. அது வெளியீட்டு வடிப்பானுக்காக, அதாவது சிறு குற்றலைக்காக, உருவானது. பெரிய குற்றலையுடன் சில நூறு கிலோஹெர்ட்ஸில் இயக்கினால் கைவைக்க முடியாத அளவு சூடாகும். ஆயினும் குறைந்த அதிர்வெண்ணில் அது பயன்படும். அதே மின்வழங்கியின் உள்ளீட்டில் இரு சுருள்கள் சுற்றியிருக்கும் பெர்ரைட்டு வளையத்துக்கு இடைவெளி கிடையாது. உட்புகுதிறன் பல்லாயிரம் இருப்பதால் ஐந்தாறு சுற்றிலேயே பெரிய தூண்டல் எண் காட்டும். மீட்டரில் பார்த்தவர் மகிழ்வார். ஆனால் மிகச் சிறிய மின்னோட்டத்திலேயே அது தெவிட்டிவிடும். உயர்த்து மாற்றிக்கு அது அறவே உதவாது.

இழப்புகள்

மின்தூண்டியின் இழப்பு இருவகைப்படும். ஒன்று கம்பியின் மின்தடையால் வருவது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் மின்னோட்டத்தின் பயனுறு மதிப்பு ஏறத்தாழ 1.97 ஆம்பியர். மின்தடை 50 மில்லி ஓம் எனில் இழப்பு சுமார் 0.19 வாட், அதாவது உள்ளீட்டில் 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல். விலை குறைந்த, மெல்லிய கம்பி சுற்றிய, 200 மில்லி ஓம் சுருளாயின் இழப்பு 0.77 வாட், உள்ளீட்டில் 13 விழுக்காடு. தூண்டல் எண்ணும் உருவமும் ஒன்றாகவே இருந்தாலும் இரண்டாவது சுருளால் 85 விழுக்காட்டுப் பயனுறுதிறன் வெறும் கனவாகும்.

மின்தடைக்கு மற்றொரு விளைவும் உண்டு. கொள்கைப்படி பணி விகிதத்தை 1 ஐ நோக்கி உயர்த்திக்கொண்டே போனால் வெளியீடும் எல்லையின்றி உயர வேண்டும். உண்மையில் ஒரு கட்டத்துக்குப் பின் வெளியீடு இறங்கத் தொடங்கும். மற்ற இழப்புகளை ஒதுக்கிவிட்டால், அடையக்கூடிய மிகப் பெரிய மடங்கு, சுமையின் மின்தடையைச் சுருளின் மின்தடையால் வகுத்து வரும் ஈவின் வர்க்கமூலத்தில் பாதியாகும். 5 ஓம் சுமைக்கு 50 மில்லி ஓம் சுருளால் 5 மடங்கு வரை உயர்த்தலாம். 200 மில்லி ஓம் சுருளால் 2.5 மடங்குக்கு மேல் எப்பாடுபட்டும் இயலாது. அந்த உச்சத்தில் உள்ளீட்டின் பாதித் திறன் சுருளிலேயே எரிந்துவிடும் என்பதால், நடைமுறை எல்லை இதைவிட மிகக் குறைவு.

இரண்டாவது, உள்ளகத்தில் காந்தத் தயக்கத்தாலும் சுழல் மின்னோட்டத்தாலும் வரும் இழப்பு. காந்தத் தயக்க இழப்பு காந்தப்பாய அடர்த்தியின் 1.6 அடுக்குக்கு ஏற்ப வளர்கிறது என்று சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் 1892 இல் வெளியிட்டார். அவர் ஆய்ந்தவை இரும்பும் எஃகும். இன்றைய பெர்ரைட்டுகளில் இவ்வடுக்கு 2 க்கும் 3 க்கும் இடையில் அமைகிறது. குற்றலையைப் பாதியாக்கினால் உள்ளக இழப்பு நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கக்கூடும் என்பதே இதன் பொருள். உயர் அதிர்வெண்ணில் மின்னோட்டம் கம்பியின் புறப்பரப்பை ஒட்டியே பாய்வதால் கம்பியின் மின்தடையும் சற்றுக் கூடும். பெரிய சுருள்களுக்கு மெல்லிய காப்பிட்ட இழைகளை முறுக்கிய லிட்ஸ் கம்பி பயன்படுவது இதனாலேயே.

மிகப் பெரிய தூண்டல் எண்ணின் தீமைகள்

குற்றலை குறைவது நல்லதுதானே, அப்படியானால் 4.7 க்குப் பதில் 47 மைக்ரோஹென்றி போடலாமே என்ற கேள்வி எழும். ஒரே உருவத்தில் தூண்டல் எண்ணைக் கூட்டினால் சுற்றுகள் பெருகும், கம்பி மெலியும், மின்தடை உயரும், தெவிட்டு மின்னோட்டம் இறங்கும். இவற்றைத் தவிர்க்கச் சுருளைப் பெரிதாக்கினால் இடமும் விலையும் கூடும்.

இதைவிட நுட்பமான இடர் கட்டுப்பாட்டில் உள்ளது. சுமை திடீரெனக் கூடினால் பின்னூட்டச் சுற்று பணி விகிதத்தை உயர்த்தும். ஆனால் பணி விகிதம் உயர்ந்தவுடன் இருமுனையம் கடத்தும் நேரம் சுருங்குவதால், வெளியீட்டுக்குச் செல்லும் மின்னோட்டம் முதலில் குறைகிறது. சுருளின் மின்னோட்டம் ஏறியபின்தான் கூடுகிறது. திருத்த முயலும்போது முதற்கணத்தில் நேர்மாறாக அசையும் இவ்வியல்பு உயர்த்து மாற்றிக்கே உரிய பழைய தலைவலி. சுருள் பெரிதானால் இத்தயக்கம் நீளும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் இத்தலைகீழ் இயல்பு 4.7 மைக்ரோஹென்றிக்குச் சுமார் 44 கிலோஹெர்ட்ஸில் தலைகாட்டுகிறது. 22 மைக்ரோஹென்றிக்கு அது 9 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்குகிறது. பின்னூட்டத்தின் வேகத்தை இந்த அதிர்வெண்ணில் மூன்றிலோ ஐந்திலோ ஒரு பங்குக்குக் கீழே அடக்கி வைக்காவிட்டால் வெளியீடு அலையத் தொடங்கும்.

மிகச் சிறிய சுருளுக்கும் தனித் தொல்லை உண்டு. உச்ச மின்னோட்டத்தை அளந்து ஆளியைத் திறக்கும் வகைக் கட்டுப்பாட்டில், பணி விகிதம் 0.5 ஐ மிஞ்சினால் ஒரு சுழற்சி நீண்டும் அடுத்தது குறுகியும் மாறிமாறி வரும் நிலையின்மை ஏற்படும். இதைத் தடுக்கத் தொகுப்புச் சுற்றினுள் ஒரு சாய்வுத் திருத்தம் வைக்கப்படுகிறது. அத்திருத்தம் ஒரு குறிப்பிட்ட தூண்டல் எண் எல்லைக்காகவே அளவிடப்பட்டிருக்கும். தரவுத்தாள் "4.7 முதல் 22 மைக்ரோஹென்றி வரை" என்பது போல எல்லை தரும்போது அதை வெறும் பரிந்துரையாகக் கொள்ளாமல் இருப்பது நல்லது.

குறைந்த சுமையில் குற்றலையின் அடிப்பகுதி சுழியைத் தொட்டு, மின்னோட்டம் விட்டுவிட்டுப் பாயும் நிலை வரும். எடுத்துக்காட்டு மாற்றியில் 3 வோல்ட் உள்ளீட்டில் சுமை 160 மில்லி ஆம்பியருக்குக் கீழே போனால் இது நிகழும். இதனால் கெடுதி ஒன்றுமில்லை. கட்டுப்பாட்டின் நடத்தை மட்டும் மாறும். சிறு திறனுள்ள சில மாற்றிகள் எப்போதும் இம்முறையிலேயே இயங்குமாறு வேண்டுமென்றே சிறிய சுருளுடன் வடிவமைக்கப்படுகின்றன.

அதிர்வெண்ணின் பங்கு

தேவைப்படும் தூண்டல் எண் அதிர்வெண்ணுக்கு எதிர்விகிதத்தில் அமையும். அதே மாற்றியை 50 கிலோஹெர்ட்ஸில் இயக்கினால் சுமார் 50 மைக்ரோஹென்றி வேண்டும். மோட்டோரோலாவின் படைப்பாகிய எம்சி34063 என்னும் தொகுப்புச் சுற்று ஆய்வகங்களில் இன்றும் பரவலாகக் காணப்படுவது. அதன் உயர் அதிர்வெண் 100 கிலோஹெர்ட்ஸ், உள்ளே அமைந்த ஆளியின் உச்ச மின்னோட்டம் 1.5 ஆம்பியர். 2.27 ஆம்பியர் உச்சமுள்ள இந்த எடுத்துக்காட்டுக்கு எத்தகைய மின்தூண்டியைப் பொருத்தினாலும் அது மட்டும் போதாது. வெளியே தனித் திரிதடையம் ஒன்றைச் சேர்க்க வேண்டும். 1.2 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் எம்டி3608 போன்றவை அரிசி மணி அளவு சில்லில் இதே பணியைச் செய்கின்றன.

தரவுத்தாளும் குறியீடுகளும்

மின்தூண்டியின் தரவுத்தாளில் இரண்டு மின்னோட்டங்கள் தரப்பட்டிருக்கும். ஒன்று தெவிட்டு மின்னோட்டம். உச்ச மின்னோட்டத்தோடு ஒப்பிட வேண்டியது இது. மற்றொன்று வெப்ப மின்னோட்டம். சுருளின் வெப்பநிலையைக் குறிப்பிட்ட பாகை உயர்த்தும் நேர்மின்னோட்டம். இதைப் பயனுறு மதிப்போடு ஒப்பிட வேண்டும். இரண்டில் எது பெரியதோ அதை மட்டும் கடைகள் தலைப்பில் இடுவதுண்டு.

இவ்வளவுகளுக்கு உலகப் பொதுவான வரையறை இல்லை. ஒரு நிறுவனம் தூண்டல் எண் 10 விழுக்காடு குறையும் மின்னோட்டத்தைத் தெவிட்டு மின்னோட்டம் என்கிறது. இன்னொன்று 20, வேறொன்று 30 விழுக்காடு என்கிறது. வெப்ப மின்னோட்டமும் 20 பாகை உயர்வு, 40 பாகை உயர்வு என வேறுபடும். எனவே இரு நிறுவனங்களின் "3 ஆம்பியர்" சுருள்கள் ஒன்றுக்கொன்று இணையானவை என்று கொள்வதற்கில்லை. மின்னோட்டத்திற்கு எதிராகத் தூண்டல் எண் வரையப்பட்ட வரைபடம் இருந்தால் அதுவே நம்பத்தக்கது.

உடலில் அச்சிட்ட குறியீடுகளும் குழப்பம் தருவன. 220 என்பது 220 மைக்ரோஹென்றி அன்று; 22 ஐத் தொடர்ந்து சுழியம் ஏதுமில்லை, அதாவது 22 மைக்ரோஹென்றி. 101 என்பது 100 மைக்ரோஹென்றி. 4ஆர்7 என்பதில் ஆர் எழுத்து புள்ளியைக் குறிக்கிறது, எனவே 4.7. ஆர்47 எனில் 0.47.

மின்தூண்டிக்குத் தன் ஒத்ததிர்வு அதிர்வெண் ஒன்றும் உண்டு. சுற்றுகளுக்கிடையே உள்ள மின்தேக்குத் திறனால் அந்த அதிர்வெண்ணுக்கு மேல் அது மின்தேக்கி போல நடந்துகொள்ளும். ஆளியின் அதிர்வெண்ணைவிட இது பத்து மடங்காவது உயர்ந்திருப்பது விரும்பத்தக்கது. பொதுவாகச் சிறு மதிப்புச் சுருள்களில் இது சிக்கலாவதில்லை.

கவசமும் ஓசையும்

உருளை வடிவப் பெர்ரைட்டில் சுற்றித் திறந்து விடப்பட்ட சுருள்கள் மலிவானவை. ஆனால் அவற்றின் காந்தப்புலம் வெளியே பரவி அருகிலுள்ள வானொலி, ஒலிபெருக்கிச் சுற்றுகளில் இரைச்சலை உண்டாக்கும். காந்தக் கவசமிட்ட சுருள் சற்று விலை கூடினாலும் ஏற்பிகள் உள்ள கருவியில் தவிர்க்க இயலாதது. குறைந்த சுமையில் சில தொகுப்புச் சுற்றுகள் விட்டுவிட்டு இயங்கி மின்சாரத்தைச் சேமிக்கின்றன. அவ்விடைவெளி செவிக்கு எட்டும் அதிர்வெண்ணில் வந்தால் சுருளிலிருந்து மெல்லிய கீச்சொலி கேட்கும். அது பழுதின் அறிகுறி அன்று.

சோதித்தல்

கணக்கு எவ்வளவு கவனமாகச் செய்யப்பட்டாலும் தேர்வை உறுதி செய்வது அளவீடுதான். மின்தூண்டியுடன் தொடராக மிகச் சிறிய மின்தடையம் ஒன்றையோ மின்னோட்ட உணரியையோ வைத்து, அலைகாட்டியில் மின்னோட்டத்தைப் பார்க்க வேண்டும். நல்ல நிலையில் அது நேர்க்கோடுகளாலான முக்கோண அலையாக இருக்கும். ஏறும் கோட்டின் நுனி மேல்நோக்கி வளைந்து ஊசி போல நீண்டால் சுருள் தெவிட்டுகிறது என்று பொருள். கோடு கீழ்நோக்கி வளைந்தால் சுற்றில் மின்தடை மிகுதி.

இச்சோதனையை மிகக் குறைந்த உள்ளீட்டிலும் முழுச் சுமையிலும், கருவியை அதன் பெட்டிக்குள் மூடி, வெப்பநிலை நிலைபெறும் வரை இயக்கியபின் செய்ய வேண்டும். அலைகாட்டி இல்லாதவர்கள் உள்ளீட்டு மின்னோட்டத்தைக் கவனிக்கலாம். சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்டும்போது உள்ளீட்டு மின்னோட்டமும் ஏறத்தாழ அதே விகிதத்தில் கூட வேண்டும். ஏதோ ஓரிடத்தில் அது சட்டென்று தாவினாலோ, வெளியீடு சரியத் தொடங்கினாலோ, அங்கேதான் சுருளின் எல்லையோ தொகுப்புச் சுற்றின் மின்னோட்ட வரம்போ உள்ளது. ஒரே மதிப்புள்ள, தெவிட்டு மின்னோட்டம் கூடிய வேறொரு சுருளை மாற்றிப் பொருத்தி மீண்டும் பார்த்தால் இரண்டில் எது காரணம் என்பது தெரிந்துவிடும்.